மலையிடுக்கு நீரில் இறங்குமுன்

சென்ற ஆண்டின் தொடக்கத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் என் பழைய மாணவர். இப்போது சிங்கப்பூரில் பொறியாளராகப் பணிபுரிகிறார். தம்முடன் வேலை செய்யும் நண்பர் நால்வருடனும், பதினான்கு வயதுடைய தம் மகனுடனும் பிலிப்பைன்ஸ் நாட்டின் செபு தீவுக்குச் செல்லப் போவதாகவும், அங்கே கவாசான் என்னும் அருவிக்கு மேலே உள்ள மலையிடுக்கில் வழிகாட்டி ஒருவரின் துணையுடன் நீரோடு நீராக இறங்கி வர எண்ணியிருப்பதாகவும் எழுதியிருந்தார். கடிதத்தின் முடிவில், "ஐயா, போகலாமா? நீங்கள் சொன்னால்தான் பையனை அழைத்துச் செல்வேன்" என்று ஒரு வரி இருந்தது.

அவர் ஏன் என்னைக் கேட்டார் என்பதை நான் அறிவேன். அதனைப் பின்னர்ச் சொல்கிறேன். விடை எழுதுமுன் அந்த விளையாட்டைப் பற்றி நானே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கற்றவற்றுள் சிலவற்றை இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

ஆறு ஒன்று பாறையை அறுத்து அறுத்து, இருபுறமும் செங்குத்தான சுவர்கள் எழும்படி ஆழமாக இறங்கிச் செல்லும் இடமே மலையிடுக்கு. அதன் மேல்முனையில் புகுந்து, நடந்தும், நீந்தியும், வழுவழுப்பான பாறையில் சறுக்கியும், மடுவில் குதித்தும், குதிக்க இயலாத இடத்தில் கயிற்றைப் பற்றி இறங்கியும் கீழ்முனையில் வெளிவருவதைக் கேனியனீரிங் என்கிறார்கள். ஐரோப்பாவில் இதற்குக் கேனியனிங் என்று பெயர். பிரெஞ்சு நாட்டுக் குகை ஆராய்ச்சியாளர் எதுவார் ஆல்ஃப்ரெட் மார்தெல் 1905-ஆம் ஆண்டில் வெர்தோன் ஆற்றின் பெரும் இடுக்கை ஆராய்ந்தார். அவர் போன்றோர் அறிவுத் தேட்டத்துக்காகச் செய்ததையே இன்று பலர் விடுமுறைப் பொழுதுபோக்காகச் செய்கிறார்கள். அறிஞர் செல்லும்போது அஞ்சி அஞ்சிச் செல்கிறார். விடுமுறைக்கு வந்தவர் அச்சமின்றிச் செல்கிறார். இடர்ப்பாடு தொடங்குவது இங்கேதான்.

செபு தீவின் தென்மேற்குக் கரையில் பாடியான் என்னும் ஊராட்சி இருக்கிறது. அதன் ஒரு பகுதியாகிய மாத்துத்தினாவோவில், கடலோரச் சாலையிலிருந்து உள்ளே நடந்து சென்றால் கவாசான் அருவி படிப்படியாக விழுவதைக் காணலாம். செபு நகரிலிருந்து பேருந்தில் மூன்று நான்கு மணி நேரப் பயணம். அருவியை மட்டும் காண வருவோர் கீழிருந்தே கண்டு திரும்பலாம். இடுக்கில் இறங்க விரும்புவோர் பாடியானின் மேட்டுப் பகுதிக்கோ, அடுத்துள்ள அலெக்ரியாவின் மேட்டுப் பகுதிக்கோ சென்று, அங்கிருந்து நீரில் புகுந்து, பல மணி நேரம் கழித்து அருவியின் அருகே கரையேறுவர்.

அந்த நீரின் படத்தை என் மாணவர் அனுப்பியிருந்தார். மயிற்கழுத்து நிறம் என்று சொல்லலாம். படம் பொய்யோ என்று நான் முதலில் ஐயுற்றேன், பொய்யன்று. செபு தீவின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையால் ஆனது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சற்றே புளிப்புத் தன்மை பெறுகிறது. சுண்ணாம்புப் பாறையைச் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொண்டு வருகிறது. அருவியில் விழுந்து சிதறும்போது, சோடாப் புட்டியைக் குலுக்கித் திறந்தாற்போல, அந்த வாயு வெளியேறிவிடுகிறது. உடனே கரைந்திருந்த சுண்ணாம்பு மீண்டும் திடப்பொருளாகிப் பாசியின்மீதும், சருகின்மீதும், பாறை விளிம்பின்மீதும் படிகிறது. இவ்வாறே வரம்பு கட்டினாற்போன்ற இயற்கை அணைகளும், அவற்றின் பின்னே மடுக்களும் தோன்றுகின்றன. நீர் தன் இயல்பாகவே சிவப்பொளியை உறிஞ்சிக்கொள்வது; மிதக்கும் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் எஞ்சிய நீலத்தையும் பச்சையையும் சிதறடிக்கின்றன. அதனால் அந்நிறம்.

இதனை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. சுண்ணாம்பு படிந்து படிந்து மடுவின் விளிம்பு மாறுகிறது. வெள்ளம் கல்லையும் மரத்தையும் உருட்டி வந்து மடுவின் அடியில் கிடத்துகிறது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் ஓடெட் என்று அந்நாட்டவர் பெயரிட்ட கடும் புயல் செபு தீவைக் கடந்து சென்றது. அத்தகைய புயலுக்குப் பின் மடு ஒவ்வொன்றும் புதிய மடுவே. சென்ற ஆண்டு ஒருவர் குதித்து நலமாக எழுந்த இடத்தில் இவ்வாண்டு ஒரு பாறை மறைந்திருக்கலாம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று நம் முன்னோர் சொன்னது இங்கே உவமையன்று; நேர்ப்பொருளிலேயே அது விதி. ஆகவே வழிகாட்டியிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி, "இந்த மடுவை நீங்கள் கடைசியாக இறங்கிப் பார்த்தது எப்போது?" என்பதே.

குதித்தலைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் ஏறத்தாழ ஒரு வினாடியில் நீரை அடைகிறார். அப்போது அவர் வேகம் மணிக்கு 36 கிலோமீட்டர் அளவில் இருக்கும். பத்து மீட்டரிலிருந்து விழுந்தால் மணிக்கு 50 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உடம்பு பரப்பாக நீரைத் தாக்கினால், நீர் விலகி வழிவிடுவதற்கு நேரம் போதாது; அடி பலமாகவே விழும். கால்களைச் சேர்த்து, கைகளை உடலோடு ஒட்டி, நிமிர்ந்து விழவேண்டும் என்று வழிகாட்டிகள் கற்பிப்பது இதனால்தான். தலைகீழாகக் குதிப்பது எந்நிலையிலும் கூடாது. குதிக்க விருப்பமில்லாதவர்க்கு நடந்தோ கயிற்றிலோ இறங்க வேறு வழி உண்டா என்று முன்னரே கேட்டறிய வேண்டும். உயரத்தில் நின்று தயங்குகிறவரைக் கீழிருந்து கைதட்டி உசுப்புவது நட்பன்று.

இனி, எல்லாவற்றினும் பெரிய ஆபத்துக்கு வருகிறேன். அது குதித்தலன்று, மழை.

இடுக்கில் நிற்பவனுக்குத் தலைக்கு மேலே ஒரு கீற்று வானம்தான் தெரியும். அந்தக் கீற்று நீலமாக இருக்கும்போதே, சில கிலோமீட்டர் தொலைவில் மேட்டு நிலத்தில் மழை கொட்டிக்கொண்டிருக்கலாம். பிலிப்பைன்சின் வானிலைத் துறையாகிய பகாசா, மழையின் கடுமையை மூன்று நிறங்களால் அறிவிக்கிறது. ஒரு மணி நேரத்தில் 7.5 முதல் 15 மில்லிமீட்டர் வரை பெய்தால் மஞ்சள். 15 முதல் 30 வரை செம்மஞ்சள். 30-க்கு மேற்பட்டால் சிவப்பு. முப்பது மில்லிமீட்டர் என்பது இரண்டு விரற்கடைதானே என்று தோன்றும். கணக்குப் பார்ப்போம்.

ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். ஒரு சதுர கிலோமீட்டரில் அதுவே பத்து லட்சம் லிட்டர். ஓர் இடுக்குக்கு நீர் தரும் மேட்டு நிலம் ஐந்து சதுர கிலோமீட்டர் என்றும், அங்கே ஒரு மணி நேரத்தில் முப்பது மில்லிமீட்டர் பெய்தது என்றும், அதில் பாதியை மண் குடித்துவிட்டது என்றும் கொள்வோம். மீதிப் பாதி ஏழரைக் கோடி லிட்டர். அது ஒரு மணி நேரத்தில் இடுக்கின் வழியே இறங்கினால், வினாடிக்கு இருபதாயிரம் லிட்டருக்கு மேல். அதாவது வினாடிக்கு இருபது டன் எடையுள்ள நீர். இடுக்கின் அகலம் நான்கு மீட்டர் எனவும், நீரின் வேகம் வினாடிக்கு இரண்டரை மீட்டர் எனவும் கொண்டால், நீர்மட்டம் இரண்டு மீட்டருக்கு மேல் எழும். ஓர் ஆளை முழுதும் மூடிவிடும். கரையேற இடமில்லாத செங்குத்துச் சுவர்களுக்கு நடுவே இது நேர்வதை எண்ணிப் பாருங்கள்.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அன்று. 1999-ஆம் ஆண்டு ஜூலை 27-ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் இண்டர்லாக்கன் நகரருகே சாக்செட்டன் ஓடையின் இடுக்கில் பல நாட்டு இளைஞர்கள் வழிகாட்டிகளுடன் இறங்கினார்கள். மேலே இடிமழை பெய்தது. திடீரென்று வந்த வெள்ளம் அவர்களை அடித்துச் சென்றது. இருபத்தொருவர் இறந்தனர், அவர்களுள் மூவர் வழிகாட்டிகள். 2001-ஆம் ஆண்டில் நீதிமன்றம், பயணத்தை நடத்திய நிறுவனத்தைச் சேர்ந்த அறுவரைக் கவனக்குறைவால் உயிரிழப்பு நேரக் காரணமானவர்கள் என்று தீர்ப்பளித்தது. வழிகாட்டி உடன் இருந்தார் என்பது மட்டும் காப்பாகிவிடாது. எப்போது இறங்கக் கூடாது என்று அறிந்து, அவ்வாறே நடக்கும் துணிவும் அவருக்கு வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டிற்று. நம் நாட்டிலும் 2024-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவனைக் கொண்டுபோனதை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

இங்கே என் பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். 1994-ஆம் ஆண்டில் நான் உதவியாசிரியனாக இருந்தபோது நாற்பத்திரண்டு மாணவரை மலையடிவாரத்து அருவி ஒன்றுக்குச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மலையுச்சியில் மட்டும் கருமேகம் கவிந்திருந்தது, அதனைப் பார்த்தேன், பொருட்படுத்தவில்லை. பிள்ளைகள் நீராடிக்கொண்டிருந்தபோது, கரையில் வேர்க்கடலை விற்ற பெரியவர் ஒருவர், "வாத்தியாரே, தண்ணி செவக்குது, ஏத்துங்க பிள்ளைகளை!" என்று கூவினார். நான் அப்போதுதான் நீரைப் பார்த்தேன். தெளிந்திருந்த நீரில் செம்மண் நிறமும், சருகுகளும், சுள்ளிகளும் வந்துகொண்டிருந்தன. ஊதலை ஊதி எல்லோரையும் மேலேற்றினேன். எண்ணினேன், நாற்பத்தொருவர். மீண்டும் எண்ணினேன், நாற்பத்தொருவர். வெள்ளம் அதற்குள் நாங்கள் நின்ற பாறையை மூடிவிட்டது. நாற்பத்திரண்டாமவன் தேநீர்க் கடையின் பின்னே நின்று தலை துவட்டிக்கொண்டிருந்தான். அவனைக் காணும் வரை கழிந்தவை ஐந்தாறு நிமிடங்கள் இருக்கலாம். அவை இன்றும் என் உறக்கத்தில் வருவதுண்டு. என்னுடைய படிப்பு அன்று எவரையும் காக்கவில்லை. அந்த நீரை நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்கள் காத்தன. கடிதம் எழுதிய பொறியாளர் அந்த நாற்பத்திருவருள் ஒருவர்.

ஆகவே, அவருக்கு நான் எழுதிய விடையில், போ என்றும் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. திட்டமிட வேண்டிய முறையை வரிசைப்படுத்தி எழுதினேன்.

முதலாவது, காலம். செபு தீவின் மேற்குப் பகுதியில் ஆண்டின் முதல் சில மாதங்கள் ஒப்பளவில் வறண்டவை. ஜூன் முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையைக் கொணரும். புயல்களோ டிசம்பரிலும் வரக்கூடும். வறண்ட மாதத்தைத் தேர்ந்துகொள்க. இறங்கும் நாளுக்கு மறுநாளையும் வெறுமையாக விட்டுவைக்க. திரும்பும் விமானத்தை நெருக்கிப் பதிவு செய்தவன், நீர் கலங்கியிருந்தாலும், "வந்தது வந்தோம், இறங்கிவிடுவோம்" என்று எண்ணத் தொடங்குவான். காலையிலேயே இறங்குவது நல்லது. வெப்ப நாடுகளில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் எழும்.

இரண்டாவது, ஆட்கள். குழுவில் நீந்தத் தெரியாதவர் எவர், இதய நோயோ வலிப்போ மூச்சிரைப்போ உடையவர் எவர், அண்மையில் எலும்பு முறிந்தவர் எவர் என்று வெட்கமின்றிக் கேட்டறிய வேண்டும். மிதவைச் சட்டை நீரில் தாங்கும். ஆனால் அச்சத்தைத் தாங்காது. குழுவின் வேகம் அதில் மிக மெலிந்தவரின் வேகமே என்று கொள்க.

மூன்றாவது, வழிகாட்டி. உள்ளூர் ஆட்சியினரின் ஒப்புதல் பெற்றவரா? முதலுதவியும் நீர்மீட்பும் பயின்றவரா? ஒருவர் எத்தனை பேரை அழைத்துச் செல்வார்? இடையில் கரையேறி வெளியேறும் வழிகள் எவை, எத்தனை? ஒருவர் கால் முறிந்தால் அவரை எவ்வழியே தூக்கிச் செல்வீர்? மழை வந்தால் பணம் திருப்பித் தரப்படுமா? இக்கடைசிக் கேள்வி அற்பமானதாகத் தோன்றும். அற்பமன்று. பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனத்தின் வழிகாட்டிக்கு, "இன்று வேண்டா" என்று சொல்வதற்கு முதலாளியின் இசைவு இருக்கிறது என்று பொருள். இக்கேள்விகளுக்குச் சிரித்து மழுப்புகிறவரை விட்டு விலகுக.

நான்காவது, உடையும் கருவியும். தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் ஒவ்வொருவர்க்கும் அளவாகப் பொருந்த வேண்டும். தலைக்கவசத்தை ஆட்டிப் பார்த்தால் தலையும் சேர்ந்து ஆட வேண்டும். மிதவைச் சட்டையின் தோள்பட்டையை மேலே இழுத்தால் அது காதுவரை ஏறிவிடக் கூடாது. கால்களுக்கு, ஈரப் பாறையில் வழுக்காத அடிப்பகுதி கொண்ட, கட்டி முடியக்கூடிய காலணி, செருப்பு உதவாது. வெப்ப நாடாயினும் உடம்போடு ஒட்டிய முழுக்கை உடை நன்று. நீர், காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக உடற்சூட்டைக் கவரும். மூன்று மணி நேரம் நீரிலும் நிழலிலும் கிடப்பவர், சிறுவராயின் முதலில், நடுங்கத் தொடங்குவர். நடுங்குகிறவர் கையில் கயிறு நிற்காது. கயிற்றில் இறங்கும் இடமிருந்தால் இடைவாரையும் பூட்டு வளையத்தையும் வழிகாட்டி ஒருமுறையும், தாம் ஒருமுறையும் சரிபார்க்க வேண்டும். அருவியின் இரைச்சலில் குரல் கேளாது. ஆதலால், நில், வா, உதவி என்பவற்றுக்கு உரிய கையசைவுகளையும் ஊதலொலிகளையும் கரையிலேயே பேசி முடிவு செய்க.

ஐந்தாவது, நீரைப் படித்தல். வெண்ணுரை பொங்கும் இடத்தில் காற்று கலந்திருப்பதால் நீரின் தாங்கும் ஆற்றல் குறைவு. அங்கே நீந்துவது அரிது. அருவியின் அடியில் நீர் சுழன்று மீண்டும் அருவியை நோக்கியே இழுப்பதுண்டு. பெரும்பாறைகளின் இடுக்கில் நீர் நுழைந்து அடியால் வெளியேறும் பொந்துகள் உண்டு; நீர் புகும், ஆள் புக முடியாது; நீரின் அழுத்தம் அவரை அங்கேயே பிடித்து வைத்துவிடும். இவ்விடங்களில் வழிகாட்டி காட்டும் வழியன்றி ஓர் அடியும் வேறு வழி வைக்கலாகாது. நீர் நிறம் மாறினாலும், சருகும் சுள்ளியும் மிகுந்தாலும், இரைச்சல் கூடினாலும், பாறையில் இருந்த ஈரக்கோடு மறைந்தாலும், உயர்ந்த இடத்துக்கு உடனே ஏற வேண்டும். பையை எடுக்கவோ படம் பிடிக்கவோ நிற்கலாகாது.

ஆறாவது, திரும்பிய பின். கீறல்களைத் தூய நீராலும் சோப்பாலும் கழுவ வேண்டும். எலி முதலியவற்றின் சிறுநீர் கலந்த நீரால், தோலின் கீறல் வழியே பரவும் எலிக்காய்ச்சல் வெப்ப நாடுகளில் உண்டு. அது பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரங்களில் காய்ச்சலாகவும் தசை வலியாகவும் வெளிப்படும். அக்காலத்தில் காய்ச்சல் கண்டால், "நான் ஆற்றில் இறங்கினேன்" என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவர் எப்படி அறிவார்?

இவ்வளவையும் எழுதிவிட்டு, கடைசியாக ஒன்று சேர்த்தேன். "தம்பி, இறங்குமுன் எண்ணு, ஒவ்வொரு மடுவைக் கடந்ததும் எண்ணு. மகனுக்கும் எண்ணக் கற்றுக்கொடு."

இரண்டு மாதம் கழித்து மறுமொழி வந்தது. ஆறு பேரும் பாடியான் சென்றிருக்கிறார்கள். விடியற்காலையில் மேட்டு நிலத்தில் மழை பெய்திருக்கிறது. ஊரிலோ வெயில். வழிகாட்டி அவர்களை நீர் புகும் இடம்வரை அழைத்துச் சென்று, குனிந்து நீரைக் கையில் அள்ளிப் பார்த்து, இன்று இல்லை என்று தலையசைத்துவிட்டார். நண்பருள் இருவர் வாதாடினர். பையன் அழுதே விட்டானாம். மறுநாளை வெறுமையாக விட்டுவைத்திருந்தார்கள். ஆயின் மறுநாளும் நீர் தெளியவில்லை. கீழிருந்து அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார்கள்.

"ஐயா, பையன் இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அந்த வழிகாட்டிக்கு இருபத்தைந்து வயதுகூட இராது. அவரைப் பார்த்தபோது எனக்கு அந்த வேர்க்கடலைப் பெரியவர் நினைவு வந்தது. அவருக்குரிய கூலியை முழுவதும் கொடுத்துவிட்டு வந்தோம்" என்று எழுதியிருந்தார்.

வரும் வறண்ட காலத்தில் மீண்டும் செல்வதாக மகனுக்கு வாக்களித்திருக்கிறாராம். அதே வழிகாட்டியைத்தான் அமர்த்தப் போகிறார்களாம். இம்முறை என்னை அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இல்லை என்றே நான் கருதுகிறேன்.